ஒரு முறை கேட்டவரும் நூறு முறை கேட்டவரும்

லண்டனிலோ நியூயார்க்கிலோ ஒரு புதிய இசை நாடகம் அரங்கேறுகிறது. மறுநாள் காலைப் பத்திரிகைகள் அதைக் கிழித்துத் தோரணம் கட்டுகின்றன. மதியத்துக்குள் அந்த நாடகத்தின் ரசிகர்கள் வாயிலிருந்து ஒரு பெயர் தவறாமல் வந்துவிடும்: ‘லே மிசராப்ல்’. “அதையும்தான் திட்டினார்கள், நாற்பது வருடமாக ஓடவில்லையா?” என்பார்கள். எதிரே இருப்பவர் வாயடைத்துப்போவார். விமர்சகருக்கு ஒன்றும் தெரியாது, மக்களுக்கு எல்லாம் தெரியும் என்று தீர்ப்பும் ஆகிவிடும்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் சந்தேகம் உண்டு. அதற்குச் சாட்சியாகக் கூப்பிடப்படும் 1985-ஆம் வருடத்துக் கதையையே முதலில் விசாரித்துவிடலாம்.

விக்டர் ஹ்யூகோவின் அந்த நாவல் நமக்குப் புதிதல்ல. சுத்தானந்த பாரதியார் அதை ‘ஏழை படும் பாடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். 1950-ல் அது திரைப்படமானபோது போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், பிறகு ஆயுள் முழுக்க ‘ஜாவர்’ சீதாராமனாகவே அறியப்பட்டார். அதே நாவல் 1980-ல் பாரீஸில் இசை நாடகமானது. இசை குளோத் மிஷேல் ஷான்பெர்க், பாடல்கள் ஆலன் பூப்லில். ஐந்து வருடம் கழித்துத் தயாரிப்பாளர் கேமரன் மெக்கின்டாஷும் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியும் கைகோத்து, லண்டன் பார்பிகன் அரங்கில் அதை ஆங்கிலத்தில் போட்டார்கள். அரங்கேற்றம் அக்டோபர் 8. மறுநாளிலிருந்து வந்த விமர்சனங்களில் பெரும்பாலானவை அடிதான். ‘அப்சர்வர்’ அதை அறிவில்லாத, செயற்கையான கேளிக்கை என்றது. அரசாங்க மானியத்தில் ஷேக்ஸ்பியர் நாடகம் போட வேண்டிய கம்பெனி, இப்படி ஒரு கண்ணீர்ப் படையலில் இறங்கலாமா என்ற கோபமும் பலர் எழுத்தில் இருந்தது.

மெக்கின்டாஷ் பின்னாளில் பலமுறை சொன்ன கதை இதற்குப் பிறகுதான் வருகிறது. பார்பிகனிலிருந்து பேலஸ் தியேட்டருக்கு நாடகத்தை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு சொல்ல அவருக்கு இரண்டே நாள்தான் இருந்தது. மாற்றாவிட்டால் கட்டிய முன்பணம் போகும். மாற்றி, கூட்டம் வராவிட்டால் எல்லாமே போகும். விமர்சனங்களைப் படித்துவிட்டுத் துவண்டுபோய், பார்பிகன் டிக்கெட் கவுண்டருக்குத் தொலைபேசியில் பேசப் பார்த்தார். லைன் கிடைக்கவே இல்லை. கடைசியில் கிடைத்தபோது எதிர்முனையில் இருந்தவர், உங்களுக்கு எப்படி லைன் கிடைத்தது என்று ஆச்சரியப்பட்டாராம். அன்று மட்டும் 5,000 டிக்கெட் விற்றிருந்தது. டிசம்பரில் நாடகம் பேலஸ் தியேட்டருக்குப் போனது.

இந்தக் கதை உண்மைதான். ஆனால் இதற்கு ரசிகர்கள் சொல்லும் பொருள்தான் இடிக்கிறது. அந்த 5,000 டிக்கெட்டை வாங்கியவர்கள் யார்? காலையில் விமர்சனத்தைப் படித்து, “இப்படியா எழுதுவது?” என்று கொதித்து, பழிவாங்க டிக்கெட் எடுத்தவர்களா? நிச்சயமாக இல்லை. அரங்கேற்றத்துக்கு முன்னால் நடந்த முன்னோட்டக் காட்சிகளைப் பார்த்தவர்கள் அக்காவிடமும் அலுவலகத்திலும் சொல்லியிருந்தார்கள். விமர்சனம் வருவதற்கு முன்பே விஷயம் ஊருக்குள் போய்விட்டது. அந்தக் காலையில் பத்திரிகை படித்த கூட்டமும் டிக்கெட் எடுத்த கூட்டமும் ஒன்றோடொன்று சண்டை போடவில்லை. ஒன்றை ஒன்று கவனிக்கவே இல்லை.

இன்னொன்றும் வசதியாக மறக்கப்படுகிறது. 1987-ல் அதே நாடகம் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேக்குப் போனபோது, நாடகங்களைக் கொல்பவர் என்று பெயரெடுத்த ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் ஃபிராங்க் ரிச் அதைப் பாராட்டியே எழுதினார். பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுகள் எட்டும் வந்தன. போதாததற்கு, அந்த ஆங்கிலப் பாடல்களை எழுதிய ஹெர்பர்ட் கிரெட்ஸ்மரே பல வருடம் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ இதழில் நாடக விமர்சகராக இருந்தவர். விமர்சகர்களுக்கு எதிரான ரசிகர்களின் கொடியில் பறப்பது ஒரு விமர்சகர் எழுதிய வரிகள்!

விமர்சனம் எப்படி உருவாகிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிராட்வேயில் ஒரு நாடகம் முறையாக அரங்கேறுவதற்கு முன் பல வாரங்கள் முன்னோட்டக் காட்சிகள் நடக்கும். பார்வையாளர்கள் காசு கொடுத்துதான் வருவார்கள். பகலில் பாட்டை வெட்டுவார்கள், வசனத்தை மாற்றுவார்கள், இரவு புதிய வடிவம் மேடையேறும். விமர்சகர்களைக் கடைசிச் சில காட்சிகளுக்கு அழைப்பார்கள். அரங்கேற்ற நாளில் திரை விழும்வரை அவர்கள் எதுவும் வெளியிடக் கூடாது என்பது எழுதாத சட்டம். முன்பெல்லாம் இந்த இடைவெளிகூடக் கிடையாது. அரங்கேற்ற இரவிலேயே பார்த்து, கைதட்டல் முடிவதற்குள் இருக்கைகளுக்கு நடுவே ஓடி, அச்சுக்குப் போகும் நேரத்துக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். நடிகர்களும் முதலீட்டாளர்களும் சார்டீஸ் உணவகத்தில் விருந்து என்ற பெயரில் பத்திரிகையின் முதல் பிரதிக்காகக் காத்திருப்பார்கள். நல்ல விமர்சனம் வந்தால் பாட்டு. கெட்டது வந்தால் ஆள் ஆளாக நழுவுவார்கள்.

இந்த அதிகாரத்தைத் தயாரிப்பாளர்கள் எவ்வளவு வெறுத்தார்கள் என்பதற்கு டேவிட் மெரிக் செய்த குறும்பு ஒன்று போதும். 1961 டிசம்பரில் அவர் தயாரித்த ‘சப்வேஸ் ஆர் ஃபார் ஸ்லீப்பிங்’ என்ற இசை நாடகத்துக்கு விமர்சனங்கள் சோபிக்கவில்லை. அன்று நியூயார்க்கில் முக்கியமான விமர்சகர்கள் ஏழு பேர். மெரிக் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி, அதே பெயர் கொண்ட வேறு ஏழு சாதாரண மனிதர்களைத் தேடிப் பிடித்து, நாடகத்துக்கு அழைத்துப்போய், அவர்கள் பெயரில் புகழ்மாலையை முழுப்பக்க விளம்பரமாகக் கொடுத்தார், புகைப்படங்களோடு. ஒரு பத்திரிகை ஏமாந்து ஒரு பதிப்பில் அச்சிட்டும்விட்டது. புகைப்படத்தில் இருப்பவர் தமக்குத் தெரிந்த விமர்சகர் இல்லையே என்று யாரோ கவனித்ததில் குட்டு உடைந்தது. இந்த யோசனை மெரிக்குக்குப் பல வருடம் முன்பே இருந்ததாம். ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் புரூக்ஸ் அட்கின்சன் பெயரில் ஊரில் வேறு ஆளே இல்லாததால், அவர் ஓய்வுபெறும்வரை காத்திருந்தார். இவ்வளவு சாமர்த்தியத்துக்கும் அந்த நாடகம் ஓடியது 205 காட்சிகள்தான்.

சரி, ரசிகருக்கும் விமர்சகருக்கும் நிஜமான தகராறு எங்கே இருக்கிறது? ரசனை உயர்ந்தது, தாழ்ந்தது என்பதில் இல்லை என்றே நினைக்கிறேன். பாட்டை எத்தனையாவது முறை கேட்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

இதை எனக்கு விளக்கியது ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’. ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் தயாரிப்பில், டான் பிளாக்கின் பாடல் வரிகளோடு, 2002 ஜூன் 19 அன்று லண்டன் அப்பல்லோ விக்டோரியா அரங்கில் அது அரங்கேறியது. கதை சப்பென்று இருக்கிறது, காட்சிகளும் இசையும் தூக்கிப் பிடிக்கின்றன என்பதுபோலக் கலவையான விமர்சனங்கள். அதன் பாடல்களைக் கேட்ட ஒரு தமிழரின் காதையும் லண்டன் விமர்சகரின் காதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேடையில் நீரூற்றுகள் பீறிட, நனைந்த சேலையில் ‘ஷக்கலக்க பேபி’ தொடங்குகிறது. விமர்சகருக்கு அது அந்த இரவின் பத்தாவது பாட்டோ பதினொன்றாவதோ. கேட்பது முதல் முறை. மறுநாள் அதைப் பற்றி எழுதியாக வேண்டும். நமக்கு அது 1999-லேயே ‘முதல்வன்’ ஒலிநாடாவில் தேய்ந்த பாட்டு. பஸ்ஸில் கேட்டது, கல்யாண மண்டபத்தில் கேட்டது, தேர்வுக்குப் படிக்கும்போது பக்கத்து வீட்டிலிருந்து கேட்டது. மேடையில் அதன் முதல் தாளம் விழும்போது நாம் கேட்பது அந்தத் தாளத்தை மட்டுமல்ல, மூன்று வருட வாழ்க்கையை. ‘தையா தையா’வின் இந்தி வடிவமும் அந்த நாடகத்தில் உண்டு. அதற்கு எழுந்த ஆரவாரத்தை, பாட்டை அன்றுதான் முதலில் கேட்ட ஒருவர் எப்படி அளக்க முடியும்?

அந்த விமர்சகர் தவறாக எழுதினாரா? இல்லை. கதை உண்மையிலேயே சப்பென்றுதான் இருந்தது. தன் காதுக்குக் கேட்டதை அவர் நேர்மையாக எழுதினார். அதைப் படித்துக் கோபப்பட்டவர்களும் நேர்மையாகவே கோபப்பட்டார்கள்.

லண்டனில் ‘பாம்பே ட்ரீம்ஸ்’ இரண்டு வருடம் ஓடியது. பிரிட்டனில் வாழும் தெற்காசியக் குடும்பங்களில் அதுவரை லண்டனின் நாடக வட்டாரமான வெஸ்ட் எண்ட் பக்கமே வராத பலர் பாட்டியோடும் பேரனோடும் வந்தார்கள். பிராட்வேக்கு 2004 ஏப்ரலில் போனபோது கதையைப் புதிதாகச் செப்பனிட்டார்கள். அப்போதும் விமர்சனங்கள் கைகொடுக்கவில்லை. 284 காட்சிகளோடு 2005 புத்தாண்டு அன்று முடிந்தது. பாட்டு தெரிந்த கூட்டம் அங்கே அவ்வளவு பக்கத்தில் இல்லை.

‘பாம்பே ட்ரீம்ஸ்’ காலி செய்துபோன அப்பல்லோ விக்டோரியாவில் 2006 செப்டம்பரில் குடியேறி, இருபது ஆண்டாகக் கிளம்பாமல் இருப்பது ‘விக்கெட்’ (Wicked) என்ற இசை நாடகம். அந்த நாடகம் 2003 அக்டோபர் 30 அன்று பிராட்வேயில் அரங்கேறியபோது ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் பென் பிராண்ட்லி, நடிகை கிறிஸ்டின் செனோவெத்தைக் கொண்டாடிவிட்டு, நாடகத்தைக் கைவிட்டார். அரசியல் உருவகத்தை அளவுக்கு மீறி இழுக்கிறார்கள் என்பது அவர் குறை. டோனி விருதிலும் சிறந்த இசை நாடகம் என்ற பட்டம் ‘அவென்யூ க்யூ’வுக்குப் போனது. ஆனால் ‘விக்கெட்’டுக்குப் போட்ட 1.4 கோடி டாலர் 14 மாதத்தில் திரும்பிவிட்டது. 2016-க்குள் பிராட்வே வசூல் மட்டும் 100 கோடி டாலரைத் தாண்டியது.

அங்கே நடந்ததை ஆராய்ந்தவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டேசி வுல்ஃப். அந்த நாடகத்தின் இளம் ரசிகைகள் தங்களுக்குள் எழுதிக்கொண்டதை எல்லாம் அவர் படித்தார். பெண் பிள்ளைகள் அதில் கண்டது பாசிசத்தைப் பற்றிய உருவகத்தை அல்ல. பச்சை நிறத்தோடு பிறந்ததால் ஒதுக்கப்பட்ட ஒருத்திக்கும் எல்லோருக்கும் செல்லமான ஒருத்திக்கும் இடையே வளரும் நட்பைத்தான். அதுவரை பிராட்வே மேடையில் இரண்டு பெண்கள் நடுவில் நின்று, காதலன் ஓரத்தில் நிற்கும் கதை எத்தனை இருந்தது? பிராண்ட்லி பார்த்ததும் அந்தப் பெண்கள் பார்த்ததும் ஒரே மேடையில் நடந்த இரண்டு நாடகங்கள்.

இதுவரை ரசிகர் பக்கம் காற்று வீசுகிறது. ஆனால் ரசிகர்கள் சாட்சிக்குக் கூப்பிட விரும்பாத நாடகம் ஒன்று இருக்கிறது. இந்த விவகாரத்தின் உள்ளும் புறமும் அதில்தான் தெரிகிறது.

‘பி மோர் சில்’ 2015 கோடையில் நியூஜெர்சியின் ரெட் பேங்க் ஊரில், டூ ரிவர் தியேட்டரில் மேடையேறிய சின்ன நாடகம். நெட் விஸினியின் நாவலைத் தழுவியது. பாடல்களும் இசையும் ஜோ ஐகானிஸ். பள்ளியில் யாரும் சீண்டாத ஒரு பையன், மாத்திரை அளவுக் கணினி ஒன்றை விழுங்கிவிடுகிறான். எப்படி நடக்க வேண்டும், என்ன சட்டை போட வேண்டும் என்று அது அவன் மண்டைக்குள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறது. பெரிய ஆளாகிறான், கூடவே இருந்த ஒரே நண்பனை இழக்கிறான். ‘நியூயார்க் டைம்ஸ்’ ஆள் அனுப்பியது, உற்சாகமில்லாத விமர்சனம் வந்தது, ஒரு மாதத்தில் நாடகம் முடிந்தது. பொதுவாக இப்படிப்பட்ட நாடகத்துக்கு அதோடு சரமகவி பாடிவிடுவார்கள்.

ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் பாடல் ஆல்பம் வெளியானது. ஒன்றிரண்டு வருடம் கழித்து, யாரும் விளம்பரம் செய்யாமலேயே, அது பதின்வயதுப் பிள்ளைகளிடம் பரவத் தொடங்கியது. நாடகத்தை மேடையில் பார்த்தே இராதவர்கள், ஆல்பத்தை மட்டும் கேட்டு, பாத்திரங்களை வரைந்தார்கள், கதைகள் எழுதினார்கள், அவர்களைப் போல உடுத்திக்கொண்டார்கள். நூற்றைம்பது மில்லியன் முறைக்கு மேல் அந்த ஆல்பம் கேட்கப்பட்டது. அதில் உயிர்நாடியாக ஒரு பாட்டு. விருந்து வீட்டில் எல்லோரும் ஆடிக்கொண்டிருக்க, கைவிடப்பட்ட நண்பன் மைக்கேல் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே உட்கார்ந்திருக்கிறான். வெளியே யாரோ கதவைத் தட்டுகிறார்கள். இங்கிருந்து எப்படி யார் கண்ணிலும் படாமல் வெளியேறுவது என்று புலம்புகிறான். அவ்வளவுதான் பாட்டு. பதினைந்து வயதில் ஒரு விருந்தில் குளியலறைக்குள் ஒளிந்துகொண்டிருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு அது போதும்.

2018 கோடையில் நியூயார்க்கில் ஒரு சிறிய அரங்கில் போட்டார்கள். டிக்கெட் பறந்தது. 2019 மார்ச் 10 அன்று பிராட்வேயின் லைசியம் தியேட்டர், 1903-ல் திறந்த பழைய அரங்கு. இறந்துபோனதாக எழுதப்பட்ட நாடகத்தை ரசிகர்கள் தோளில் சுமந்து பிராட்வே வரை கொண்டுவந்துவிட்டார்கள். தியேட்டர் வரலாற்றில் இதற்கு இணையாக அதிகம் சொல்ல முடியாது.

‘விக்கெட்’டைக் கைவிட்ட அதே பிராண்ட்லி வந்தார். இதுவும் பிடிக்கவில்லை. ரசிகர்கள் கொதித்தார்கள்.

அந்தக் கொதிப்பைக் கவனித்துக் கேட்டால், இசை நாடக ரசிகர்களின் வாதங்கள் அத்தனையும் அதில் வரிசை கட்டி நிற்கும். ஐம்பது, அறுபது வயது ஆண் ஒருவர் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கான நாடகத்தை எப்படித் தீர்ப்பிடலாம் என்பது ஒன்று. இதில் நியாயம் கொஞ்சம் உண்டு; முழுதாக இல்லை. குழந்தை இல்லாதவர் தாலாட்டைக் கேட்டு ரசிக்கக் கூடாதா என்ன? அவர் முன்பே முடிவெடுத்துவிட்டு வந்தார் என்பது இன்னொன்று. இது எல்லாக் காலத்திலும் சொல்லப்படுவது, நிரூபிக்க முடியாதது. அரங்கில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்களே, அது அவர் காதில் விழவில்லையா என்பது மூன்றாவது. விழுந்திருக்கும். பிராட்வேயில் இப்போது எழுந்து நின்று கைதட்டாத இரவைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஆனால் இந்த வாதங்களுக்கு அடியில் ஓடும் வலி வேறு. அந்தப் பிள்ளைகளுக்கு ‘பி மோர் சில்’ ஒரு நாடகம் மட்டுமல்ல. பள்ளியில் பேச ஆளில்லாத நாட்களில் காதுக்குள் பேசியது. அதைச் சப்பை என்று ஒருவர் எழுதினால், தங்கள் நண்பனை ஊரார் முன்னால் அவமானப்படுத்தியதாகவே அவர்களுக்குப் படும். ‘அவன் நன்றாகத்தான் பாடினான்’ என்றா நண்பனுக்காக வாதாடுவோம்? அடிக்கப் போவோம்.

இவ்வளவு அன்பு இருந்தும் என்ன ஆயிற்று? டோனி விருதில் இசைக்கு ஒரே ஒரு பரிந்துரை. ஆகஸ்ட் 11 அன்று மூடிவிட்டார்கள். பிராட்வேயில் மொத்தம் ஐந்து மாதம். போட்ட பணம் திரும்பவில்லை.

இதற்கு விமர்சகர்தான் காரணம் என்று ரசிகர்கள் சொன்னார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஒரு பிராட்வே நாடகம் வாரத்துக்கு எட்டுக் காட்சி போடுகிறது. லைசியத்தில் தொள்ளாயிரத்துச் சொச்சம் இருக்கைகள். வாரந்தோறும் ஏழாயிரத்துக்கு மேல் டிக்கெட் விற்க வேண்டும், அதுவும் நல்ல விலையில், அதுவும் நிற்காமல். ஆல்பத்தைக் கோடிமுறை கேட்டவர்கள் டெக்சாஸிலும் பிலிப்பைன்ஸிலும் இருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களோ மாணவர்கள். காலையில் வரிசையில் நின்றோ லாட்டரியில் விழுந்தோ கிடைக்கும் சலுகை டிக்கெட்டில் வந்தார்கள். நாடகம் முடிந்ததும் நடிகர்கள் வெளியேறும் பின்வாசலில் கையெழுத்துக்காகக் கூட்டம் நெருக்கியடித்தது. நடுப்பகுதி விலையுயர்ந்த இருக்கைகளோ வேறு ஆட்களை எதிர்பார்த்திருந்தன. அந்த வேறு ஆட்கள் யார்? நியூயார்க்குக்கு ஒருமுறை வரும் சுற்றுலாக் குடும்பம். கல்யாண நாளுக்கு நாடகம் பார்க்கப் புறநகரிலிருந்து வரும் தம்பதி. இவர்கள் ஆல்பம் கேட்டிருக்கமாட்டார்கள். எதைப் பார்க்கலாம் என்று யோசிக்கும்போது இவர்கள்தான் விமர்சனத்தைப் படிக்கிறார்கள்.

ஆக, விமர்சனத்தைப் படித்துக் கோபப்படும் ரசிகருக்காக அது எழுதப்படுவதே இல்லை. அவர் ஏற்கனவே டிக்கெட் வாங்கிவிட்டார். வாங்கப் பணம் இல்லாவிட்டால் விமர்சனம் நன்றாக இருந்தாலும் வாங்கப்போவதில்லை. விமர்சனம் வேலை செய்வது இன்னும் முடிவெடுக்காத மூன்றாவது ஆளிடம். அந்த மூன்றாவது ஆளுக்கு விமர்சனத்தைவிடப் பலமான காரணம் ஒன்று கையில் இருந்துவிட்டால் விமர்சகர் என்ன எழுதினாலும் எடுபடாது. 2002 மே மாதம் லண்டன் டொமினியன் அரங்கில் தொடங்கிய ‘வீ வில் ராக் யூ’வை விமர்சகர்கள் மிச்சம் வைக்காமல் அடித்தார்கள். அது 12 வருடம் ஓடியது. குவீன் என்ற ராக் இசைக்குழுவின் பாடல்களை ஊரே பாடிக்கொண்டிருக்கும்போது, கதை மோசம் என்று யாராவது சொன்னால் என்ன? ‘பி மோர் சில்’லுக்கு இருந்தது பிள்ளைகளின் ஒரு தலைமுறை. குவீனுக்கோ ஐம்பது வயதுக்காரர்கள் உட்பட மூன்று தலைமுறைகள். அவர்களிடம் கிரெடிட் கார்டும் இருந்தது.

ரசிகர்கள் எப்போதும் நாடகத்தைக் காப்பவர்கள், விமர்சகர்கள் எப்போதும் கொல்பவர்கள் என்பதும் சரியில்லை. 2010 மார்ச்சில் லாயிட் வெப்பர், தன் ‘ஃபேன்டம் ஆஃப் தி ஆப்ரா’வுக்குத் தொடர்ச்சியாக ‘லவ் நெவர் டைஸ்’ போட்டார். பழைய கதைக்குப் பத்து வருடம் கழித்து, அமெரிக்காவின் கோனி தீவில் இந்தக் கதை நடக்கிறது. பழைய நாடகத்தில் கண்ணியமான காதலனாக இருந்த ராவுல் இதில் குடிகாரன், சூதாடி. தோழி மெக்கின் கையிலிருந்த துப்பாக்கிக்கு நாயகி கிறிஸ்டின் பலியாகிறாள். விமர்சகர்கள் இரண்டுபட்டார்கள், மனம்விட்டுப் பாராட்டியவர்களும் இருந்தார்கள். எரித்தவர்கள் பழைய நாடகத்தின் ரசிகர்கள்தான். காதல் சாகாது என்ற பெயரைத் திருப்பிப்போட்டு, காதல் சாகட்டும் என்ற முழக்கத்தோடு, நாடகம் தொடங்கும் முன்பே இயக்கம் நடத்தினார்கள். நாடகப் பித்தர்கள் இருவர் சூட்டிய கேலிப்பெயர் ஒன்று, பெயின்ட் காய்வதே இல்லை என்ற பொருளில், எந்தப் பத்திரிகை விமர்சனத்தையும்விட வேகமாக ஊர் சுற்றியது. இதுவும் நூறு முறை கேட்டவர்களின் கோபம்தான். ராவுலை இருபது வருடமாகத் தெரிந்தவர்களுக்கு அவன் குடிகாரன் என்று சொல்ல அதை எழுதியவருக்கே உரிமை இல்லை! நடுவில் மூடி, செப்பனிட்டு, மறுபடி திறந்தும் ஒன்றரை வருடத்தைத் தாண்டவில்லை. பிராட்வேக்குப் போகவே இல்லை.

கடைசியாக, அமெரிக்க இசை நாடகங்களுக்குப் பாட்டும் இசையும் எழுதிய ஸ்டீஃபன் சோன்ட்ஹைமின் ‘மெரிலி வீ ரோல் அலாங்’. இதில் ரசிகர், விமர்சகர் என்ற கோடே கலைந்துவிடுகிறது.

1981 நவம்பர் 16 அரங்கேற்றம். மூன்று நண்பர்களின் கதை, பின்னாலிருந்து முன்னால் போகிறது: கசந்துபோன நடுவயதில் தொடங்கி, மொட்டைமாடியில் கனவு காணும் இளமையில் முடிகிறது. நடித்தவர்கள் எல்லோரும் சின்னப் பிள்ளைகள். யார் யார் என்றே பார்வையாளர்களுக்குப் புரியாமல், பாத்திரத்தின் பெயரை அவரவர் பனியனில் எழுதி மாட்டிவிட்டார்கள். முன்னோட்டக் காட்சிகளிலேயே மக்கள் பாதியில் எழுந்து போனார்கள். விமர்சகர்கள் கொன்றுவிட்டார்கள் என்று இன்றும் சொல்பவர்கள், அந்த எழுந்துபோன கூட்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 16 காட்சிகளில் மூடினார்கள்.

ஃபிராங்க் ரிச் எழுதிய விமர்சனம் கடுமையானதுதான். ஆனால் அதன் முதல் வரியில் அவர் சொன்னது, சோன்ட்ஹைமின் ரசிகராக இருப்பது என்றால் அவ்வப்போது நெஞ்சு உடைந்துபோவது என்பதை நாம் இதற்குள் கற்றிருக்க வேண்டும் என்று. வெளியிலிருந்து கல்லெறிந்தவரின் வரி அல்ல அது.

மூடிய மறுநாள், அந்தப் பிள்ளைகள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார்கள். முந்தைய நாள் வேலை போனவர்கள், அடுத்து என்ன என்று தெரியாதவர்கள், தோற்றுப்போன நாடகத்தின் பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பாடி முடித்தார்கள். அந்த ஆல்பம் வீடுகளுக்குள் போனது. கல்லூரிகளில் போட்டார்கள், சிறிய அரங்குகளில் திருத்தித் திருத்திப் போட்டார்கள். 2023-ல் மரியா ஃபிரீட்மன் இயக்கத்தில் டேனியல் ராட்கிளிஃபும் ஜோனதன் கிராஃபும் லிண்ட்சே மென்டெஸும் நடிக்க, அது பிராட்வேக்குத் திரும்பியது. டிக்கெட்டுக்கு அடிதடி, சிறந்த மறுதயாரிப்புக்கான டோனி விருது, விமர்சகர்கள் உருகி எழுதினார்கள். எழுதியவர்களில் பலர் அன்றைக்கு அந்தப் பாடல்களை முதல் முறையாகக் கேட்டவர்கள் அல்லர். சோன்ட்ஹைம் அதைப் பார்க்க இல்லை. 2021 நவம்பரில் காலமாகியிருந்தார்.